மூன்றாவது சரணத்தில் யாரும் சாக வேண்டாம்

அமெரிக்காவின் கன்ட்ரி இசைப் பாடலாசிரியர்களின் மிகப் பழைய ஆயுதம் மூன்றாவது சரணம். முதல் சரணத்தில் ஒரு மனிதரை அறிமுகப்படுத்துவார்கள். இரண்டாவதில் அவர் பட்ட பாட்டைச் சொல்வார்கள். மூன்றாவதில் அவர் இறந்துவிடுவார். அதுவரை சாதாரணமாகக் காதில் விழுந்த பல்லவி, கடைசித் தடவை வரும்போது வேறு பொருளோடு வந்து தொண்டையை அடைக்கும். ஜார்ஜ் ஜோன்ஸ் 1980-ல் பாடிய 'ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹர் டுடே' பாட்டில் தலைப்பின் பொருளே ஒரு சாவில்தான் இருக்கிறது. பாபி பிராடக்கும் கர்லி புட்மனும் எழுதிய அந்தப் பாட்டை இன்றும் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் பாடமாக வைத்துப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

காதலுக்கு அந்த உத்தி பொருந்தும். வீட்டில் ஒருவருக்கு மனச்சோர்வோ இருமுனைக் கோளாறோ இருக்கிறது, அதைப் பாட்டாக்க வேண்டும் என்று உட்காரும்போது அந்த ஆயுதத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். சாவைப் பாட்டின் விடையாக வைத்தால், அதே நிலையில் இருந்து கேட்கும் ஒருவருக்கு அது நிஜமான விடையாகப் படக்கூடும். வேறு என்ன வைப்பது, அதற்கு முந்தைய இரண்டு சரணங்களை எப்படிக் கட்டுவது, வீட்டாரிடம் எப்போது அனுமதி கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பாட்டுகளில் பல்லவி முதலில் வரும். கன்ட்ரியில் பெரும்பாலும் சரணம் முதலில், பல்லவி பிறகு. அந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த இசையில் குடும்பம் என்பது பின்னால் வந்து சேர்ந்த கருப்பொருள் அல்ல. 1927-ல் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ப் பீர் டென்னசி–வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் ஊருக்கு ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்தபோது அவர் முன் பாடியவர்களில் கார்ட்டர் குடும்பமும் உண்டு. ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் உறவினரும் ஏ.பி.யின் தம்பி மனைவியுமான மேபெல் என்று மூன்றே பேர். 1935-ல் அவர்கள் பதிவு செய்த 'கேன் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்' தாயின் சவ ஊர்வலத்தைப் பின்தொடரும் பிள்ளையின் பாட்டு. அம்மா, அப்பா, வீடு, பிரிவு எல்லாம் அன்றிலிருந்தே இந்த இசைக்குள் இருக்கின்றன. வீட்டுக்குள் இருந்த மனநோய்தான் நெடுங்காலம் பெயரில்லாமல் இருந்தது. 'அவர் குடித்தார்', 'அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்' என்று சுற்றி வளைத்தே சொன்னார்கள்.

2022 ஏப்ரல் 30 அன்று நயோமி ஜட் காலமானார். மகள் வைனோனாவோடு சேர்ந்து 'தி ஜட்ஸ்' என்ற பெயரில் பாடியவர். மறுநாள் இருவரும் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட இருந்தார்கள். மகள்கள் வைனோனாவும் ஆஷ்லியும் வெளியிட்ட அறிவிப்பில், தாயைப் பறித்தது மனநோய் என்ற நோய் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். புற்றுநோயைச் சொல்வது போல மனநோயையும் சொன்ன அந்த ஒரு சொல்லாட்சி, இந்தத் துறையில் எழுதுகிற எல்லோருக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கன்ட்ரி கேட்பதாலேயே தற்கொலை கூடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. அதன் வேர் 1992-ல் ஸ்டீவன் ஸ்டாக், ஜிம் கண்ட்லாக் இருவரும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் 49 பெருநகரப் பகுதிகளில் கன்ட்ரிக்கு ஒதுக்கப்பட்ட வானொலி நேரத்தையும் வெள்ளையர்களிடையேயான தற்கொலை விகிதத்தையும் ஒப்பிட்டார்கள். 2004-ல் அதற்கு, விசித்திரமான ஆய்வுகளுக்கு வேடிக்கையாகத் தரப்படும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. 1994-லேயே வேறு ஆய்வாளர்கள் அந்த முடிவை மீண்டும் பெற முயன்று பெற முடியவில்லை. ஆகவே 'சோகப் பாட்டு ஆளைக் கொல்லும்' என்ற பயத்தில் எழுதாமல் இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கதையை எப்படி முடிக்கிறோம் என்பதற்கு விளைவு உண்டு. 2017-ல் ராப் பாடகர் லாஜிக் அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டார். சாக வேண்டும் என்ற குரலில் தொடங்கும் பல்லவி, கடைசியில் வாழ வேண்டும் என்ற குரலாக மாறும். அந்தப் பாட்டு அதிகம் பேசப்பட்ட 34 நாள்களில் அந்த எண்ணுக்கு வந்த அழைப்புகள் எதிர்பார்த்ததைவிட 9,915 கூடுதல், அதாவது 6.9 சதவீதம். அதே நாள்களில் தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிட 245 குறைவு என்று 2021-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் கட்டுரை கணக்கிட்டது. பாட்டுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பல்லவி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கன்ட்ரிக்கு இதில் பொறுப்பு கூடுதல். அமெரிக்காவின் கிராமப்புறங்களில் தற்கொலை விகிதம் நகரங்களைவிட அதிகம், மனநல மருத்துவர்களோ குறைவு. அந்தச் சாலைகளில் ஓடும் வண்டிகளில்தான் இந்தப் பாட்டு ஒலிக்கிறது.

யார் பாடுகிறார்?

முதல் வரிக்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி இது. நோயுற்றவரே 'நான்' என்று பாடலாம். மூன்றாம் ஆளாக நின்று 'அவர்' என்று கதை சொல்லலாம். பக்கத்தில் இருக்கும் மகளோ கணவனோ தம்பியோ 'நீ' என்று நேராகப் பேசலாம். நோய் உங்களுடையதாக இல்லாவிட்டால் மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்தவர் தலைக்குள் நடப்பதை 'நான்' போட்டு எழுதினால் கற்பனை செய்ய வேண்டி வரும். கற்பனை செய்தால் இருட்டு, பேய், புயல் என்று ஏற்கெனவே ஆயிரம் பாட்டில் வந்த படங்கள்தான் வரும். 'அவர்' போட்டால் பாட்டு செய்தி வாசிப்பாகிவிடும். 'நீ' போட்டால் நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத முடியும். அந்தக் கட்டுப்பாடு பாட்டுக்கு நல்லது.

சரக்கு சேர்க்கும் வேலைக்கு உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-லிருந்து ஆய்வுகளில் பயன்படுத்திய எழுத்துப் பயிற்சி கைகொடுக்கும். ஒரு நாளைக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், மனதை அழுத்தும் ஒன்றைப் பற்றி நிறுத்தாமல் எழுதுவது. எதுகை, சந்தம், பிழை எதையும் பார்க்கக் கூடாது. இந்த நான்கு நாள் எழுத்து பாட்டு அல்ல, அதை யாருக்கும் காட்ட வேண்டியதும் இல்லை. எழுதுகிறவரை அது ரொம்பவும் கலைத்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும். ஐந்தாம் நாள் அதை எடுத்து, கையால் தொடக்கூடிய பொருள்களை மட்டும் வட்டமிடுங்கள். ஒரு நல்ல பாட்டுக்கு ஏழெட்டுப் பொருள்கள் போதும்.

பொருள் கிடைக்கவில்லை என்றால் மருத்துவர்களின் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு தீவிர மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகளைத் தருகிறது. அவற்றில் குறைந்தது ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரங்கள் தொடர வேண்டும், தாழ்ந்த மனநிலையோ ஆர்வமின்மையோ கட்டாயம் அதில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு அறிகுறியும் வீட்டுக்குள் எங்கே தெரியும் என்று தேடுங்கள். தூக்கம் கெட்டதை அதிகாலை மூன்று மணிக்கு மாடிப்படி கிரீச்சிடும் சத்தம் காட்டும். ஆர்வம் போனதை நரம்பு துருப்பிடித்த கிட்டாரில் காணலாம். கவனம் சிதறினால் பிரிக்காத கடிதங்கள் குவியும், பசி போனால் பெல்ட்டில் புதிதாக ஒரு துளை விழும். உடல் சோர்வுக்கு இடுப்புயரம் வளர்ந்த புல்லும், அதன் நடுவே நகராமல் நிற்கும் டிரக்கும் போதும். 'மனச்சோர்வு' என்ற சொல்லைப் பாட்டில் போடவே வேண்டாம். புல் வளர்ந்த கதையைக் கேட்டவுடன் அந்த வீட்டில் வாழ்ந்தவர்களுக்குப் புரியும்.

இருமுனைக் கோளாற்றில் மனம் சில காலம் மிதமிஞ்சி எழும், சில காலம் தாழும். அந்த எழுச்சிக் கட்டத்தைச் சோகமாக எழுதுவது தவறு. அந்த நாள்களில் வீட்டில் இசை ஒலிக்கும், விருந்து நடக்கும், வாங்கிய சாமான்கள் வாசலில் வந்து இறங்கும், தூக்கம் தேவையே இல்லாததுபோல இருக்கும். குடும்பம் பயப்படுவதே அந்தச் சந்தோஷத்துக்குத்தான். வேகமான தாளத்தில், மகிழ்ச்சியாக ஒலிக்கும் மேஜர் கார்டுகளில் (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எழுதி, பாடுகிறவர் குரலில் மட்டும் கவலையை வைக்கலாம். யாரும் அதிகம் தொடாத நிலம் இது.

ஹாங்க் வில்லியம்ஸ் 1949-ல் பதிவு செய்த 'ஐ'ம் சோ லோன்சம் ஐ குட் க்ரை' ஏன் இன்றும் நிற்கிறது என்று பாருங்கள். பறவை, ரயில், நிலா, இலை என்று வெளியே இருக்கிறவற்றைத்தான் அடுக்குகிறார். தன் தனிமையைத் தலைப்பு வரியில்தான் பெயர் சொல்லி அழைக்கிறார். கடைசியில் 'நீ எங்கே' என்ற ஒரு நினைப்பைத் தவிர, காரணம் சொல்லப்படுவதே இல்லை. மனநோய்க்கும் ஒற்றைக் காரணம் கிடையாது என்பதால் அந்த மௌனம் இங்கே மருத்துவ ரீதியாகவும் சரி. 'வேலை போனது, அதனால் உடைந்தார்' என்று ஒரு வரியில் முடிச்சுப் போட்டால் பாட்டு பொய்யாகிறது. சில சமயம் குடும்பத்தில் ஒருவர் மேல் பழியும் விழுகிறது.

ஒரு தட்டு, மூன்று சரணம்

கன்ட்ரியில் ஹுக் என்பது மனதில் தங்கும் வரி, வழக்கமாகப் பல்லவியின் கடைசி வரி. பெரும்பாலும் அதுவே தலைப்பு. சொல் மாறாமல், ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பொருள் மட்டும் மாற வேண்டும். அதைத் தாங்க ஒரு பொருள் வேண்டும். டாலி பார்ட்டனின் 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' (1971) அம்மா ஒட்டுத்துணியில் தைத்துக் கொடுத்த ஒரே ஒரு கோட்டின் மேல் முழுப் பாட்டையும் நிறுத்தியது.

இந்த இடுகைக்காக ஒரு மாதிரியைக் கட்டிப் பார்க்கலாம். மகள் அப்பாவைப் பார்த்துப் பாடுகிறாள். பொருள், இரவுச் சாப்பாட்டுத் தட்டு. பல்லவி இப்படி:

இறங்கி வர வேண்டாம், பேச வேண்டாம்,
இன்றைக்கு எப்படி என்று கேட்க மாட்டேன்,
பசிக்கிற நேரத்தில் பசிக்கட்டும்,
உன் தட்டு மேசையில் இருக்கு, அப்பா.

முதல் சரணத்தில் வழக்கம் போல நான்கு தட்டு வைக்கிறார்கள், மூன்று பேர் சாப்பிடுகிறார்கள், யாரோ ஒருவர் 'எழுந்து வரச் சொல்' என்று கோபப்படுகிறார். அப்போது தட்டு ஒரு குற்றச்சாட்டு. இரண்டாம் சரணத்தில் மகள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பூட்டிய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து தன் சாப்பாட்டையும் அங்கேயே சாப்பிடுகிறாள். தட்டு இப்போது துணை. இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஆய்வும் உண்டு. ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் வீடுகளைப் பற்றி ஆய்வாளர் ஜார்ஜ் பிரவுனும் அவருக்குப் பின் வந்தவர்களும் கண்டது இது: ஓயாத விமரிசனமும் பகையும் அளவுக்கு மீறிய தலையீடும் இருந்த வீடுகளில் நோய் திரும்பி வருவது அதிகம். பாட்டு இதைப் பிரசங்கம் செய்யக் கூடாது. பாடுகிறவள் பேசும் முறை முதல் சரணத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே மாறினால் போதும்.

அடுத்து பிரிட்ஜ். இரண்டு அல்லது நான்கு வரி, புதிய மெட்டு, புதிய கோணம். பலரும் இங்கே வானத்தைப் பார்த்துக் கடவுளிடம் முறையிடுவார்கள். அந்த இடத்தில் நேரான கேள்வியை வைக்கச் சொல்வேன். 'செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா, அப்பா?' பல்லவியில் எதுவும் கேட்க மாட்டேன் என்று சொன்னவள் இங்கே அந்த வாக்கை மீறுகிறாள். நாடகமாகவும் அது வலுவானது. மனநலப் பணியாளர்கள் குடும்பங்களுக்குக் கற்றுத் தருவதும் இதைத்தான். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. பல சமயம் பேசுவதற்கு வழி திறக்கும். பதிலைப் பாட்டில் சொல்ல வேண்டாம். ஒரு முழு பார், அதாவது ஒரு தாளச் சுற்று, இசையை நிறுத்தி, கிட்டார் நரம்பை உள்ளங்கையால் அமர்த்திவிட்டு, பிறகு தொடங்குங்கள்.

மூன்றாவது சரணத்தில் அவர் இறக்கவும் கூடாது, முழுதாகக் குணமாகிச் சிரித்துக்கொண்டு இறங்கி வரவும் கூடாது. இரண்டும் பொய். மனச்சோர்வு மருந்துகள் சரியாக வேலை செய்யவே பொதுவாக நான்கு முதல் எட்டு வாரம் ஆகும், முதல் மருந்தே எல்லோருக்கும் பொருந்துவதும் இல்லை. ஆகவே காலத்தை நகர்த்துங்கள். ஜன்னலுக்கு வெளியே பருவம் மாறியிருக்கட்டும், அலமாரியில் கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி இருக்கட்டும். ஒரு காலையில் மகள் கீழே வந்தால் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அப்பா அங்கே இல்லை, தட்டு மட்டும் ஈரமாக இருக்கிறது. 'உன் தட்டு மேசையில் இருக்கு' என்று இப்போது பாடும்போது அது நாளை இரவுக்கான வாக்கு. இதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம்.

இசை அதே கதையைச் சொல்ல வேண்டும்

நாஷ்வில் இசைக்கலைஞர்கள் கார்டுகளை எண்களால் எழுதுவார்கள். ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் ஜூனியர் 1950-களின் பிற்பகுதியில் உருவாக்கிய முறை, சார்லி மெக்காய் போன்ற இசைக்கலைஞர்களால் பரவியது. ஸ்ருதி எதுவானாலும் எண் மாறாது. ஜி ஸ்ருதியில் 1 என்றால் ஜி, 4 என்றால் சி, 5 என்றால் டி, 6 மைனர் என்றால் ஈ மைனர். இந்தப் பாட்டுக்குச் சரணம் 1–4–1–5 என்று எளிமையாக நடக்கட்டும். பல்லவியை 4-ல் தொடங்குங்கள். வீட்டுக் கார்டான 1-லிருந்து விலகித் தொடங்கினால் காது மேலே எழும்.

ஹுக் வரியின் முடிவில் 5 வந்தவுடன் காது 1-ஐ எதிர்பார்க்கும். முதல் இரண்டு பல்லவிகளில் அதைக் கொடுக்காதீர்கள், 6 மைனருக்குப் போங்கள். 'அப்பா' என்ற சொல் அந்தரத்தில் நிற்கும். மூன்றாவது பல்லவியில் மட்டும் 1-க்கு வந்து சேருங்கள். சொல்லால் சொல்லாத நம்பிக்கையை இந்த ஒரு கார்டு சொல்லிவிடும். கடைசிப் பல்லவிக்கு ஸ்ருதியை அரைப்படி ஏற்றும் பழைய வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். வெற்றிக் கொடி ஏற்றும் பாட்டு அல்ல இது.

வேகம் நிமிடத்துக்கு 72 முதல் 80 துடிப்பு வரை. அதற்குக் கீழே போனால் இழவுப் பாட்டாகும், 90-ஐத் தாண்டினால் சொற்கள் மூச்சு முட்டும். சரணத்தின் மெட்டு ஐந்து சுரங்களுக்குள், தாழ்வாக, பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பல்லவி அதைவிட நான்கைந்து சுரம் மேலே தொடங்கட்டும். மொத்த வீச்சு பத்துச் சுரத்தைத் தாண்டாவிட்டால் வீட்டில் யாரும் சேர்ந்து பாட முடியும். நீளம் மூன்றரை நிமிடம். அதற்கு மேல் போனால் வெட்ட வேண்டியது சரணத்தைத்தான். லொரெட்டா லின் 'கோல் மைனர்ஸ் டாட்டர்' பாட்டுக்கு எழுதியிருந்த பல சரணங்களைத் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி குறைக்கச் சொன்னார். மிஞ்சியதே 1970-ல் வெளிவந்தது.

குடும்ப இசையின் உயிர் ஒத்திசைக் குரலில் இருக்கிறது. லூவின் சகோதரர்களையும் எவர்லி சகோதரர்களையும் ஜட் தாய்–மகளையும் கேட்டால் தெரியும், ஒரே வீட்டில் பேசப் பழகியவர்களின் உயிரெழுத்துகள் ஒன்றாக ஒலிக்கும். அதனால்தான் இரு குரல் ஒரு குரலாகக் கலக்கிறது. இரத்த உறவு இல்லாதவர்கள் அந்தக் கலப்பைப் பயிற்சியால் நெருங்கலாம். வாயைத் திறக்கும் அளவை ஒத்துப் பழகுங்கள். சொல்லின் கடைசி மெய்யெழுத்தை ஒருவர் மட்டும் உச்சரித்து மற்றவர் விழுங்கிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை தட்டுவது போலக் கேட்கும். இரண்டாம் குரல் மெட்டுக்கு மூன்றாம் சுரம் மேலே நிற்கட்டும். முக்கியமானது, அது எப்போது நுழைகிறது என்பது. முதல் சரணமும் முதல் பல்லவியும் ஒற்றைக் குரல். இரண்டாம் பல்லவியில் ஹுக் வரிக்கு மட்டும் இரண்டாம் குரல் வரட்டும். கடைசிப் பல்லவியில் முழுதாக இரண்டு குரல். மேசைக்கு இன்னொருவர் வந்துவிட்டார் என்று கேட்பவர் தானாக உணர்வார்.

திருத்தும்போது

வரைவை எடுத்துத் தேட வேண்டிய பிழைகள் சில உண்டு. மரணத்தை அமைதி, ஓய்வு, வலியிலிருந்து விடுதலை என்று சொல்லும் வரி இருந்தால் அடித்துவிடுங்கள். எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும் சரி, அழகாக இருந்தால் இன்னும் கட்டாயமாக. தற்கொலை முயற்சி நடந்த கதையானால் வழி, இடம், எழுதி வைத்த கடிதம் மூன்றும் பாட்டில் வரக் கூடாது. ஊடகங்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களும் இதையே வற்புறுத்துகின்றன. அன்பு ஒன்றே காப்பாற்றிவிடும் என்ற வரியும் ஆபத்து. அன்பு கொடுத்தும் ஒருவரை இழந்த குடும்பம் அதைக் கேட்கும்போது, தங்கள் அன்பு போதவில்லை என்ற தீர்ப்பாகவே அது அவர்கள் காதில் விழும். மருத்துவரிடம் கூட்டிப் போகும் வண்டிப் பயணத்துக்கு அரை வரி கொடுங்கள், அன்பும் அதில் அடங்கிவிடும்.

விழிப்புணர்வு வாசகம் நுழைந்திருந்தால் அதுவும் போக வேண்டும். அமெரிக்காவில் 1949 முதல் மே மாதம் மனநல விழிப்புணர்வு மாதம். அந்தத் தேதியைத் துரத்தி எழுதும் பாட்டில் 'நீ தனியாக இல்லை' போன்ற சுவரொட்டி வரிகள் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வின்ஸ் கில் 'கோ ரெஸ்ட் ஹை ஆன் தட் மவுண்டன்' பாட்டை 1989-ல் பாடகர் கீத் விட்லி இறந்த பிறகு தொடங்கினார். 1993-ல் தன் அண்ணன் இறந்த பின்தான் முடித்தார். பாதிப் பாட்டு நான்கு ஆண்டு காத்திருந்தது. உங்கள் பாட்டும் காத்திருக்கலாம்.

அனுமதி, பங்கு, மேடை

வெளியிடும் முன் சம்பந்தப்பட்டவரிடம் மூன்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். பெயரோ உறவோ தெரியலாமா, நோயைச் சொல்லலாமா, இன்ன சம்பவம் பாட்டில் இருக்கலாமா? மொத்தமாக 'பாட்டு எழுதட்டுமா' என்று கேட்டால் பாசத்தில் சரி என்றுதான் சொல்வார்கள். சில வாரம் கழித்து இரண்டாம் முறையும் கேட்க வேண்டும். எழுச்சிக் கட்டத்தில் இருப்பவர் எதற்கும் உற்சாகமாகத் தலையாட்டுவார், தாழ்வில் இருப்பவருக்கு மறுக்கும் தெம்பு இருக்காது. இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தால்தான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் பாட்டைக் கேட்கும்போது வரிகள் அடங்கிய தாளையும் கையில் கொடுங்கள். மெட்டோடு மட்டும் கேட்டால் வரி கவனத்தில் பதியாது.

அவர் சொன்ன வாக்கியம் அப்படியே பாட்டில் இருந்தால் அவர் இணை ஆசிரியர். பாடலாசிரியர் மேரி கோஷே 2018-ல் வெளியிட்ட 'ரைஃபிள்ஸ் அண்ட் ரோசரி பீட்ஸ்' தொகுப்பை முன்னாள் படைவீரர்களோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் சேர்ந்தே எழுதினார், ஆசிரியர் பெயர்களில் அவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி இணைப் படைப்புக்கு வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பங்கு சமம். பாட்டு முடிந்த அன்றே யார் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஆஸ்கேப்போ பிஎம்ஐயோ, ஏதாவது ஒரு உரிமைத்தொகை அமைப்பில் ஒவ்வொருவரும் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவர் பங்குப் பணம் அவரைத் தேடி வராது.

மேடையில் இந்தப் பாட்டைக் கடைசியாக வைக்காதீர்கள். நிகழ்ச்சியின் நடுவில் வைத்து, பிறகு மிதமான வேகத்தில் இன்னும் இரண்டு பாட்டாவது பாடுங்கள். கேட்டவர்கள் நிதானத்துக்கு வர நேரம் கிடைக்கும். பாடும் முன் என்ன கருப்பொருள் என்று ஒரு வாக்கியத்தில் சொன்னால் வெளியே போக நினைப்பவர் போகலாம். அமெரிக்காவில் என்றால் 988 என்ற உதவி எண்ணைச் சொல்லுங்கள். 2022 ஜூலை 16 முதல் நாடு முழுவதும் அந்த மூன்று இலக்கம் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் இயங்குகிறது. இணையத்தில் வெளியிடும்போது, கேட்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ அந்த நாட்டு எண்ணையும் குறிப்பில் சேருங்கள். நிகழ்ச்சி முடிந்து ஒருவர் அருகில் வந்து தன் கதையைச் சொன்னால் கேளுங்கள், அறிவுரை சொல்லாதீர்கள். 'இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா, கூட யார் இருக்கிறார்கள்' என்று கேளுங்கள். பதில் கவலை தந்தால், அவர் எண்ணை அழுத்தும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.

எல்லா அனுமதியும் முதல் வெளியீட்டுக்கு முன் வாங்கியாக வேண்டும் என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. ஒரு பாட்டின் ஒலிப்பதிவு, அந்தப் பாட்டின் பதிப்புரிமை உள்ளவர் சம்மதத்தோடு, அமெரிக்காவில் ஒருமுறை மக்களிடம் போய்விட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 115-ஆம் பிரிவுப்படி உரிய தொகை கட்டி யாரும் அதைத் தங்கள் குரலில் பதிவு செய்து வெளியிடலாம். அதை நீங்கள் தடுக்க முடியாது. உங்கள் அப்பாவின் தட்டை முன்பின் தெரியாத ஒருவர் பாடுவார் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். படத்துக்கோ விளம்பரத்துக்கோ பயன்படுத்த மட்டும் தனி உரிமம் வேண்டும். ஆகவே பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடும்போது, குடும்பத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அந்த உரிமத்தைக் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.